கொல்லிமலை ஏறும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறீர்கள். 2010-ல் பதிவான, புதுச்சேரி நம்பர் போட்ட டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பழைய உரிமையாளர் பின் சீட்டுகளை எடுத்துவிட்டு, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறார். அப்புறம் கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மூன்று வருடம் வண்டி சும்மா நின்றிருக்கிறது. பொங்கல் விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு கொல்லிமலை போய் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஃப்ரிட்ஜா, சோலாரா, ஏசியா, எதை முதலில் போடுவது என்பது கேள்வி. “ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, மெக்கானிக்கும் இன்ஜின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்” என்றும் எழுதி, வண்டியின் படங்களும் போட்டிருக்கிறீர்கள். கூரைக் கசிவுக்குச் சிலிக்கான் அடிக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. மூன்று வருடம் நின்ற வண்டியை நம்பி ஐந்து பேரை மலை ஏற்றலாமா என்பதுதான் அது. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, புதுச்சேரியில் வேன், மினி பஸ் பட்டறைகளில் பல வருடமாக வேலை பார்ப்பவன். இன்றைக்கு இருக்கிற நிலையில் ஏற்றக் கூடாது என்றுதான் சொல்வேன். சரி பண்ணினால் தாராளமாக ஏற்றலாம், நல்ல வண்டிதான் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பணம் முதலில் தரைப்பலகைக்குக் கீழே போக வேண்டும். மிச்சம் இருந்தால்தான் மேலே.

இன்ஜினைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். டெம்போ டிராவலர் மெர்சிடீஸ் டி1 வேனை வைத்து வந்த வண்டி. பழைய மாடல்களில் இருக்கும் டீசல் இன்ஜினும் மெர்சிடீஸ் ஓஎம்616 வழி வந்தது. உழைக்கிற இன்ஜின். உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நின்ற வண்டியில் பார்க்க வேண்டியது டீசல் டேங்க். அரை டேங்க் டீசலோடு நின்றால் மேலே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராக அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு கசடு உண்டாகும். வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மேடு பள்ளத்தில் ஆடும்போது கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும், ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிடும். டேங்கை இறக்கிக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, புது டீசல் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில், கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஹோஸை விரல்களால் அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் அது முடிந்துபோனது. இதற்கு மேல் இன்ஜினில் இப்போது கை வைக்க வேண்டாம்.

இனி பிரேக். இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும். நான்கு டிரம்மையும், முன்னால் டிஸ்க் இருந்தால் கேலிப்பரையும் கழற்றச் சொல்லுங்கள். பெடலை மிதித்துப் பார்த்து “நல்லா பிடிக்குது” என்று சொல்வது சோதனை ஆகாது. டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் இரண்டு பக்கமும் ரப்பர் தொப்பி இருக்கும். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதன் விளிம்பைத் தூக்கி உள்ளே விரலை வையுங்கள். காய்ந்திருந்தால் நல்லது. விரல் நனைந்தால் உள்ளே வாஷர் கசிகிறது, சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். நனையாமல் வெள்ளைப் பொடியோ செம்பொடியோ ஒட்டினால் பிஸ்டன் இறுகிக்கொண்டிருக்கிறது. கடற்கரை ஓரம் நின்ற வண்டிகளில் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் நான் பார்த்தது குறைவு. ஒரு சக்கரத்தில் சிலிண்டர் போனால் நான்கையும் மாற்றுங்கள். பெடலோடு சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் போடலாம், உள்சுவரில் கீறலோ குழியோ இருந்தால் புதிதே போட வேண்டும். இந்த மாடல்களில் கிளட்சும் இதே ஆயிலில் வேலை செய்வதால் அந்தச் சிலிண்டர்களையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போகப்போவது கொல்லிமலை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தர அளவே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு. ஒவ்வொரு வளைவிலும் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, ஆயில் கொதித்து, குழாயில் நீராவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், குமிழியை அழுத்தினால் அது சுருங்கத்தான் செய்யும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால் பழைய ஆயிலை முழுவதும் வெளியே எடுத்து, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வதால் ஒரு பயனும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்றுவது நல்ல பழக்கம்.

ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் மாற்றச் சொல்வேன். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே வீங்கித் துவாரம் சுருங்கியிருக்கும். அப்போது மிதித்தால் பிரேக் பிடிக்கும், விட்டால் விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சக்கரம் மட்டும் சூடாகிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள், முதலில் தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இல்லாவிட்டால் பேரிங் போயிருக்கிறது. பேரிங்குகளையும் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், டிரம் கழற்றின கையோடு அதிகக் கூலி ஆகாது.

டயரைப் பற்றி “பட்டன் நிறைய இருக்கிறது, புதுசு மாதிரி” என்று, அதாவது மேல்வரி தேயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்று இருந்தால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆன டயரை வருடா வருடம் கழற்றிப் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனதை எப்படி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்பது டயர்க் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. மூன்று வருடம் ஒரே இடத்தில் வெயில் வாங்கி நின்ற டயருக்கு நான் அவ்வளவு சலுகை தர மாட்டேன். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலே மாற்றுங்கள். நான்கோடு ஸ்டெப்னியையும் சேர்த்து எண்ணைப் பாருங்கள், ஸ்டெப்னிதான் எப்போதும் மறந்துபோகிற டயர். வண்டியின் எடையைத் தூக்கும் ஜாக்கி இருக்கிறதா, வீல் நட்டு கழல்கிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது துரு. உங்கள் வண்டி நின்றது கடலிலிருந்து அதிக தூரம் இல்லாத தோப்பு. உப்புக்காற்று, மரநிழலின் ஈரம், அடியில் புல் எல்லாம் சேர்ந்தால் தகரத்தை அரிக்க வேறொன்றும் வேண்டியதில்லை. படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருப்பதால் இன்னும் சந்தேகம்தான். அந்தக் கறுப்பு நல்ல இரும்பின் மேலும் அடிக்கலாம், துருவை மறைக்கவும் அடிக்கலாம். குழி உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு நீங்களே கீழே இறங்குங்கள். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் மொத்தென்று அமுங்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். மேல்தோல் செதிலாக உதிர்ந்து, அடியில் கெட்டியாக இருந்தால் சுத்தம் செய்து பெயின்ட் அடித்தால் போதும். முனை உள்ளே இறங்கினால் வெட்டி வெல்டிங் வைக்கிற வேலை. கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் பிராக்கெட்டுகள், யூ போல்ட், பாடியும் சேசிஸும் சேரும் இடங்கள், பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, படிக்கட்டின் அடி, பிரேக் குழாய் ஓடும் வழி, இவைதான் முதலில் போகும். கமான் பிராக்கெட்டில் முனை இறங்கினால் பயணத்தை மறந்துவிட்டு முதலில் அதைச் சரி பண்ணுங்கள். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்ல மறக்க வேண்டாம்.

இந்த மூன்று வருடத்தில் ஃபெஞ்சல் புயலும் வந்துபோயிருக்கிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, கொட்டிய மழையிலும் அதற்கடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்திலும் பாகூர், கடலூர் பகுதிகளில் எத்தனை வண்டி மூழ்கியது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். விற்றவர் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லியிருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். கேட்பதை விடப் பார்ப்பது நல்லது. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மூழ்கிய வண்டியில் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் ரெயிலின் இடுக்கு, ஃப்யூஸ் பெட்டியின் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில் ஒயர் போகும் மூலை, இங்கெல்லாம் வண்டல் தங்கியிருக்கும், கழுவுகிறவர் கை அங்கே போகாது. கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆயில் பிளக்கைக் கழற்றினால் வருவது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. போயிருந்தால் ஆயிலை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, திரும்பவும் மாற்ற வேண்டும்.

தரையில் ஓட்டை இருக்கிறதா என்பதை துரு விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள், நீங்கள் உள்ளே தூங்கப்போகிறீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு தரையிலிருந்த துளை வழியாக உள்ளே ஏறியிருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஒயருக்காகவும் தண்ணீர்க் குழாய்க்காகவும் பழைய உரிமையாளர் போட்ட ஒவ்வொரு துளையையும் தேடி அடையுங்கள். சைலன்சர் குழாய் பாடியைத் தாண்டி வெளியே முடிகிறதா, நடுவில் எங்கும் புகை கசிகிறதா என்று பாருங்கள். இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்கவே கூடாது, எவ்வளவு புழுக்கமானாலும் சரி. கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடுவது ஒன்று வாங்கித் தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் அது வர வேண்டும்.

கேஸ் விஷயமும் அதே மாதிரிதான். எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் படுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கட்டிலுக்கு அடியில் தேங்கி நிற்கும். மதுரையில் 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்து அடுப்பு மூட்டியதில் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். உங்கள் வேன் அதை விடச் சின்ன பெட்டி, கதவுகளும் குறைவு. உள்ளே இருக்கிற 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை இறக்கிவிடுங்கள். முதல் பயணத்துக்கு 5 கிலோ சிலிண்டரோடு வெளியே மேசை போட்டுச் சமைப்பதுதான் என் யோசனை. உங்கள் அம்மாவுக்கும் அந்த மலைக்காற்றில் உட்கார்ந்து காபி போடுவது பிடிக்கும். உள்ளே அடுப்பு வேண்டுமென்றே நினைத்தால், சிலிண்டருக்கு வேனுக்குள் திறக்காத, தரையில் வெளிக்காற்றுக்குத் துவாரம் உள்ள தனிப் பெட்டி கட்டிய பிறகு வையுங்கள். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருடம்தான் கணக்கு. இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது எப்போதும் செய்ய வேண்டியது. சிலிண்டர் கழுத்துப் பட்டையில் டி-26 என்கிற மாதிரி எழுதியிருப்பது அடுத்த பரிசோதனைக்கான கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், அப்படியே டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். கெடு தாண்டியதை வாங்காதீர்கள். 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கதவுப் பக்கம் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று இருட்டில் ஒருமுறை உங்கள் பிள்ளைகளைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஏசி, ஃப்ரிட்ஜ் பற்றி இப்போது சொல்லலாம். ஒரு டன் ஏசி தோராயமாக 1000 வாட் இழுக்கும். உங்களிடம் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, கணக்குப்படி 1800 வாட்-மணி. அந்த மாதிரி பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போகும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். ஆக ஒரு மணி நேரம் கூட ஓடாது. ஜனவரியில் கொல்லிமலையில் போர்வைதான் தேடுவீர்கள். 12 வோல்ட் ஃபேன் இரண்டு போதும். ஃப்ரிட்ஜுக்குப் பதில் நல்ல ஐஸ் பெட்டி. முதுநகர் துறைமுகம் பக்கம் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை, பெட்டியைக் குளிரவைக்க மட்டும், குடிக்கிற தண்ணீரில் போட அல்ல. சோலார் நல்ல முதலீடு, ஆனால் நீங்கள் வருடத்துக்கு எத்தனை ராத்திரி வெளியே தங்குகிறீர்கள் என்று தெரிந்த பிறகு செய்யலாம்.

ஏற்கெனவே இருக்கும் ஒயரிங்கைத்தான் அதற்கு முன் பார்க்க வேண்டும். நீங்கள் போட்ட மூன்றாவது படத்தில் இன்வெர்ட்டருக்குப் போகிற ஒயர் வீட்டு ஒயர் மாதிரி தெரிகிறது. 1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 100 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் வேண்டும், நீளமும் குறைவாக இருக்க வேண்டும். 2.5 ஒயர் அந்தக் கரண்டில் உருகித் தீப்பிடிக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தகுந்த ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லையென்றால் வேறு எதையும் யோசிக்காமல் இன்றைக்கே டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்டுகள் ஓடும் வண்டியின் அதிர்வில் தளர்ந்துகொண்டே போகும், எல்லாவற்றையும் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து அழுத்திக் கிரிம்ப் பண்ணச் சொல்லுங்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதனால் கட்டிலுக்கு அடியில் மூடி வைக்கக் கூடாது, வெளியே காற்று போகும் வழி வேண்டும். வெளிக்கரண்ட் எடுக்கும் சாக்கெட் இருந்தால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். இந்த வேலைக்கு வீட்டு எலக்ட்ரீஷியனை விட ஆம்னி பஸ் ஒயரிங் செய்கிறவர் பொருத்தமானவர்.

சீட்டுகளை எடுத்துவிட்டார்கள் என்றீர்களே, ஐந்து பேர் எங்கே உட்காருவீர்கள்? பிளைவுட் சோபா ஓடும் வண்டியில் சீட் ஆகாது, கட்டிலில் படுத்து வருவது அதை விட மோசம். தரைச் சட்டத்தில் போல்ட் போட்டு, பெல்ட்டோடு ஐந்து சீட் இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு முதுகு வலித்தால் நிறுத்தி நிறுத்திப் போகலாம்.

எடை அடுத்த சந்தேகம். சீட்டுகளை எடுத்ததால் பாரம் குறைந்திருக்கும் என்று தோன்றும். 19 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டடிக்கு நான்கடி ஷீட் ஒன்றே 35 கிலோ அளவுக்கு வரும். பேட்டரி 55 கிலோ அளவில். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. தொட்டி நிறைய, டீசல் நிறைய, குடும்பமும் சாமான்களும் ஏறிய நிலையில் லாரி எடைமேடைக்குப் போங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, அப்புறம் முழு வண்டிக்கும் ஒரு சீட்டு வாங்கினால், கழித்துப் பின் ஆக்ஸில் பாரம் தெரிந்துவிடும். ஆர்சியில் போட்டிருக்கும் மொத்த எடையை இது தாண்டக் கூடாது. தொட்டி பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீரிங் மிதக்கும், அப்போது தொட்டியைப் பாதி நிரப்பிப் போய், மலையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கூரைக் கசிவுக்கு நீங்கள் சொன்ன சிலிக்கான் வேண்டாம். வெயிலில் ஓரம் கிளம்பும், அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டு பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். கசிவு எங்கே என்று தெரிய, ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, வெளியே ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, 100 லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவை ஊற்றி, குழாய் வழியாகவும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்து, வாசனை போகும் வரை அலசுங்கள். அப்படியும் குடிக்க கேன் தண்ணீரே எடுத்துப் போங்கள்.

ஆர்சி புத்தகத்தை இதற்கெல்லாம் முன்னாலேயே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம், 2010 வண்டிக்கு 2025-ல் முடிந்துவிடுகிறது. சோதனைக்குக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பிஒய்-01 நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் புதுச்சேரியிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டித் தினம் போய்வருவதால் நம் ஆட்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. இன்னொன்று, பாடி வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? கேம்பர் வேன் என்றோ மோட்டார் கேரவன் என்றோ இருந்தால் நிம்மதி. இன்னும் பயணிகள் வேன் என்றே இருந்தால், 52-ஆவது பிரிவின்படி அனுமதி வாங்காத மாற்றம் அது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பதும் அதைத்தான். மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரம் இருக்கிறது. உங்கள் வண்டியின் மாற்றத்தை எந்த வழியில் பதிவு செய்யலாம் என்பதை கடலூர் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், புரோக்கர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

பயணத்துக்கு வருவோம். வேலை முடிந்ததும் ஒரு ராத்திரி வாசலில் நிறுத்தி எல்லோரும் உள்ளே தூங்குங்கள், எது இல்லை என்று அன்றைக்கே தெரியும். அப்புறம் சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம், சமதளம், ஏதாவது ஆனாலும் வீடு பக்கம். அதற்கடுத்து ஏலகிரி, 14 வளைவு. அங்கே ஏறிய கியரிலேயே இறங்கப் பழகிக்கொள்ளுங்கள், வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொட்டு, இன்ஜினையே பிடித்து நிறுத்த விடுங்கள். கீழே வந்ததும் புறங்கைச் சோதனை. நான்கு சக்கரமும் ஒரே மாதிரி இருந்தால் 70 வளைவுக்கு வண்டி தயார். பொங்கலுக்குள் இவ்வளவும் முடியாது என்றால் பொங்கலைப் பிச்சாவரத்தில் வைத்துக்கொண்டு, கொல்லிமலையைக் கோடை விடுமுறைக்குத் தள்ளுங்கள்.

ஐந்து டயரின் கடைசி நான்கு இலக்கம், இரண்டு எடைச் சீட்டு, கமான் பிராக்கெட்டுகளைச் சுரண்டிய பிறகு எடுத்த படம், இந்த மூன்றையும் போடுங்கள். ஒன்றரை லட்சத்தில் எதை விட்டுவிடலாம் என்று அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.